ஃபார்வர்ட் போட்ட மெயில் ஏன் காணாம போகுது? வண்டி நம்பரும் சீலும்

ஆம்பூர்ல ஷூ அப்பர் தைக்கிற ஒரு சின்ன யூனிட்ல ஆபீஸ் வேலை பார்க்கறவர் கேட்டிருக்கார். கம்பெனி டொமைன்ல வர்ற மெயில் மொத்தத்தையும் ஓனரோட ஜிமெயிலுக்கு ஃபார்வர்ட் போட்டு வெச்சிருக்காங்க. பல வருஷம் நல்லாத்தான் ஓடிச்சு, இப்ப சில பையரோட (சரக்கு வாங்கற கம்பெனியோட) மெயில் மட்டும் வரவே மாட்டேங்குது, சிலது ஸ்பாம்ல போய் கிடக்குது, ஹோஸ்டிங்காரர கேட்டா "எஸ்பிஎஃப் ஃபெயில் ஆகுது"ன்னு சொல்லிட்டு போனை வெச்சுடறார், சரின்னு இவங்களும் தங்களோட டொமைன் எஸ்பிஎஃப் ரெக்கார்ட்ல (அந்த டொமைன் பேர்ல மெயில் அனுப்ப எந்தெந்த சர்வருக்கு அனுமதின்னு போட்டு வெக்கற லிஸ்ட்) கூகுளையும் சேர்த்து பார்த்தாச்சு, ஒண்ணும் மாறல. யார் மேல தப்பு, எதை மாத்தணும்னு கேள்வி.

கேள்விய கொஞ்சம் திருப்பி வெச்சுக்கலாம். நீங்க உண்மையா கேட்கறது, ஜிமெயில் வாசல்ல நின்னு எஸ்பிஎஃப் செக் பண்ணும்போது யாரோட எஸ்பிஎஃப பார்க்குதுன்னுதான். அது தெரிஞ்சாலே பாதி குழப்பம் போயிடும். பார்க்கறது உங்களோடத இல்லீங்க, மெயில் எழுதின பையரோடத. இத்தாலில இருக்கற பையரோட எஸ்பிஎஃப் ரெக்கார்ட்ல உங்க ஹோஸ்டிங் சர்வரோட ஐபி (நெட்ல அந்த சர்வரோட அட்ரஸ் நம்பர்) எப்படி இருக்கும்? அதனால உங்க ரெக்கார்ட்ல நீங்க எதை சேர்த்தாலும் இந்த பிரச்சனைக்கு ஒரு இன்ச் கூட உதவாது. பல்வலிக்கு கண்ணுல சொட்டு மருந்து விட்ட மாதிரி. நான் வேலூர் சத்துவாச்சாரில உக்காந்துக்கினு இருபது வருஷமா மெயில் சர்வர் மேய்க்கறவன், இந்த ஒரு விஷயத்த வருஷத்துக்கு பத்து பேருக்காவது சொல்லிக்கினு இருக்கேன், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதிடறேன்.

ராணிப்பேட்டைல ஒரு டேனரில டிஸ்பேட்ச் பார்த்துக்கினு இருந்த அண்ணன் ஒருத்தர், நான் அரைமணி நேரம் இதே பாடத்த நடத்தின பிறகு "இன்னா தம்பி, வழில வண்டி மாத்தி ஏத்தின கதைதானே இது"ன்னு ஒரே வரில முடிச்சுட்டார். அன்னிலேர்ந்து நானும் அதையேதான் சொல்றேன். கன்டெய்னர்ல சரக்கு ஏத்தி முடிச்சு, கதவுல சீல் போட்டு, ஆம்பூர்ல இருந்து ட்ரெய்லர் கிளம்புது. ஹார்பர் கேட்ல ரெண்டு விஷயம் பார்க்கறாங்கன்னு வெச்சுக்குங்க. பேப்பர்ல இருக்கற வண்டி நம்பரும் வந்து நிக்கற வண்டி நம்பரும் ஒண்ணா, கதவுல தொங்கற சீல் உடையாம அதே நம்பரோட இருக்கா. நடுவுல வாலாஜா தாண்டி வண்டி படுத்துடுச்சு, பொட்டிய கிரேன் வெச்சு தூக்கி வேற ட்ரெய்லர்ல ஏத்தி அனுப்பிட்டாங்க. கேட்ல வண்டி நம்பர் தப்பு, சீல் சரி, சரக்கு அதே சரக்கு. எஸ்பிஎஃப்ங்கறது வண்டி நம்பர். டீக்கிம்ங்கறது சீல். டிமார்க்ங்கறது சரக்குக்கு சொந்தக்காரர் கேட்ல குடுத்து வெச்சிருக்கற லெட்டர், "என் பேர் போட்டு வர்ற சரக்குல வண்டி, சீல் ரெண்டுல ஒண்ணாவது என்னோடதா இருக்கணும், இல்லன்னா உள்ள விடாதே"ன்னு. ஃபார்வர்டிங்ங்கறது வழில வண்டி மாத்தறது. ஜிஎஸ்டில வண்டி மாறினா இ-வே பில்லோட பார்ட் பி-ய திறந்து புது நம்பர் போட்டுக்கலாம், மெயில்ல அந்த பார்ட் பி கிடையாது. மொத்த தலைவலியும் அங்கதான் ஆரம்பிக்குது.

இப்ப கொஞ்சம் உள்ள போவோம். ஒரு மெயிலுக்கு அனுப்பறவர் அட்ரஸ் ரெண்டு இருக்கு, நிறைய பேருக்கு இது தெரியாது. ஒண்ணு நம்ம கண்ணுக்கு தெரியற ஃப்ரம், லெட்டர்ஹெட்ல அச்சடிச்ச பேர் மாதிரி. இன்னொண்ணு கவர் மேல எழுதற அட்ரஸ், ரெண்டு சர்வரும் பேசிக்கும்போது "மெயில் ஃப்ரம்"னு சொல்லிக்கறது, டெலிவரி ஆன பிறகு ரிட்டர்ன் பாத்னு ஹெடர்ல போய் உக்காந்துக்கும். பட்டுவாடா ஆகலன்னா மெயில் திரும்பி வர வேண்டிய அட்ரஸ் அதுதான். எஸ்பிஎஃப் பார்க்கறது கவர் அட்ரஸோட டொமைன. "இந்த டொமைன் பேர்ல மெயில் கொண்டு வர இந்த ஐபிக்கு அனுமதி உண்டா"ன்னு அந்த டொமைனோட டிஎன்எஸ்ல (டொமைன் விவரம் போட்டு வெக்கற பொது பதிவேடு) போய் கேட்கும், அவ்ளோதான் அதோட வேலை. உள்ள என்ன எழுதியிருக்குன்னு பார்க்காது, கண்ணுக்கு தெரியற ஃப்ரம்மையும் பார்க்காது.

பழைய மாதிரி ஃபார்வர்ட் பண்ற சர்வர் என்ன பண்ணும்னா, கவர்ல "யாருக்கு"ங்கறத மட்டும் அடிச்சுட்டு ஓனரோட ஜிமெயில எழுதும், "யார்கிட்ட இருந்து"ங்கறத அப்படியே விட்டுடும். 1982ல எஸ்எம்டிபி-ய, அதாவது சர்வருக்கு சர்வர் மெயில் குடுக்கற விதிய, எழுதினப்ப இது தப்பே இல்ல, "இந்த ஆள் இங்க இல்ல, நான் அனுப்பி வெச்சுடறேன்"னு சொல்றதுக்கு 251ன்னு தனியா ஒரு பதில் நம்பரே வெச்சிருந்தாங்க. யூனிக்ஸ் மெஷின்ல ஹோம் டைரக்டரில ஒரு ஃபைல் போட்டு அதுல ஒரு அட்ரஸ் எழுதினா ஃபார்வர்ட் முடிஞ்சது. யாரும் யாரையும் சந்தேகப்படாத காலம். எஸ்பிஎஃப் வந்தது ரொம்ப பின்னாடி, 2006ல பரிசோதனை நிலையில ஆர்எஃப்சி (இன்டர்நெட் விதிகள வெளியிடற ஆவணம்) ஆச்சு, 2014ல முறையான தரமாச்சு. ஃபார்வர்டிங் இதுல உடையும்னு அத எழுதினவங்களுக்கும் தெரியும், தெரிஞ்சேதான் எழுதினாங்க. அதனால ஹோஸ்டிங்காரர் சொன்ன "எஸ்பிஎஃப் ஃபெயில் ஆகுது"ங்கறது உண்மைதான், ஆனா அது நோய் இல்ல, பழைய மாதிரி ஃபார்வர்ட் பண்ணா அது கண்டிப்பா ஃபெயில் ஆகத்தான் செய்யும்.

அப்ப எல்லா மெயிலும்தானே நிக்கணும், சிலது மட்டும் ஏன் நிக்குதுன்னு கேட்பீங்க. சீல் இருக்கே. டீக்கிம்ல அனுப்பற சர்வர் மெயிலோட பாடிக்கும், ஃப்ரம், சப்ஜெக்ட், டேட் மாதிரி முக்கியமான ஹெடர்களுக்கும் சேர்த்து ஒரு டிஜிட்டல் கையெழுத்து போட்டு ஒட்டி அனுப்பிடும், அத சரிபார்க்கற பப்ளிக் கீ அவங்க டிஎன்எஸ்ல இருக்கும். எந்த ஐபில இருந்து வந்தா என்ன, எத்தனை சர்வர் மாறினா என்ன, எழுத்து மாறாத வரைக்கும் கையெழுத்து செல்லும். இத நல்லா பிடிச்சுக்குங்க, ஃபார்வர்ட தாண்டி உயிரோட போறது டீக்கிம் மட்டும்தான்.

ஆனா சீல உடைக்கறவங்க நடுவுலயே இருக்காங்க. உங்க ஹோஸ்டிங் பேனல்ல ஸ்பாம் ஃபில்டர்ல "சந்தேகப்பட்ட மெயிலுக்கு சப்ஜெக்ட்ல ஸ்பாம்னு எழுது"ன்னு ஒரு ஆப்ஷன் டிக் ஆகியிருக்கும் பாருங்க, அது போதும். சப்ஜெக்ட் ஒரு எழுத்து மாறினாலும் கையெழுத்து செல்லாது. வைரஸ் ஸ்கேனர் "இந்த மெயில் ஸ்கேன் செய்யப்பட்டது"ன்னு அடில ஒரு வரி போடும், அதுவும் போச்சு. "வெளி நபரிடமிருந்து வந்த மெயில்"னு மேல மஞ்ச கட்டம் போடறது, அதுவும். பழைய சர்வர் சிலது எட்டு பிட் எழுத்த ஏத்துக்காது, அப்படி ஒரு சர்வருக்கு குடுக்கும்போது நடு சர்வர் பாடிய வேற என்கோடிங்ல மாத்தி எழுதும், தமிழ்ல எழுதின மெயில் இதுல மாட்டும், இங்கிலீஷ் மெயில் தப்பிச்சுடும். இப்படி ஒரு கேஸ் ரெண்டு நாள் என்னை சுத்த விட்டது, படிச்சா எழுத்து ஒண்ணு கூட மாறல, கையெழுத்து மட்டும் தப்புன்னே வருது. கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும், பைட் கணக்குல வேற.

அடுத்தது டிமார்க். இங்கதான் "சில பையர் மட்டும்"ங்கறதுக்கு பதில் இருக்கு. டிமார்க் கண்ணுக்கு தெரியற ஃப்ரம் டொமைன எடுத்துக்கினு, எஸ்பிஎஃப் பாஸ் ஆன டொமைனோ டீக்கிம் பாஸ் ஆன டொமைனோ அதோட பொருந்துதான்னு பார்க்கும். ரெண்டுல ஒண்ணு பொருந்தினா போதும். ரெண்டும் பொருந்தலன்னா டொமைன் ஓனர் சொல்லி வெச்சபடி நடக்கும், சும்மா விடு, ஸ்பாம்ல போடு, ரிஜெக்ட் பண்ணுன்னு மூணு நிலை. இப்ப உங்க பையர்கள நினைச்சு பாருங்க. ஒருத்தர் டீக்கிம ஒழுங்கா தன் டொமைன் பேர்லயே போடறார், அவர் மெயில் ஃபார்வர்ட் ஆனாலும் ஜம்முனு வரும். இன்னொருத்தர் எதுவுமே போடல, எஸ்பிஎஃப் மட்டும் வெச்சிருக்கார், டிமார்க்கும் இல்ல, அவர் மெயில் தடுமாறும். மூணாவது ஆள்தான் ஆபத்து. யாரோ கன்சல்டன்ட் சொன்னான்னு டிமார்க்ல ரிஜெக்ட் போட்டுட்டார், ஆனா டீக்கிம ஒழுங்கா ஆன் பண்ணல. நேரா போற மெயில் எல்லாம் எஸ்பிஎஃப் பாஸ்ல போயிடுது, அதனால அவருக்கு ஒரு குறையும் தெரியாது, ஃபார்வர்ட் ஆகற இடத்துல மட்டும் செத்துடும்.

இந்த மூணாவது ஆளுக்கு ஒரு தந்திரமான வடிவம் இருக்கு, ஹெடர் படிக்கத் தெரிஞ்சவங்களே ஏமாறுவாங்க. மைக்ரோசாஃப்ட் 365 வாங்கி தன் டொமைன சேர்த்துட்டு டீக்கிம தனியா ஆன் பண்ணாம விட்டா, மைக்ரோசாஃப்ட் தன்னோட ஆன்மைக்ரோசாஃப்ட் டாட் காம் பேர்ல ஒரு கையெழுத்து போட்டு அனுப்பும். கூகுள் வொர்க்ஸ்பேஸ்லயும் அதே கதை, ஜிஆப்ஸ்எஸ்எம்டிபி டாட் காம்னு முடியற பேர்ல இருக்கும். ஹெடர்ல பார்த்தா டீக்கிம் பாஸ்னு பச்சையா இருக்கும், "அப்பறம் ஏன்யா டிமார்க் ஃபெயில்"னு தலைய பிச்சுக்குவோம். சீல் உடையல, ஆனா சீல்ல இருக்கற பேர் கம்பெனி பேர் இல்ல, டிரான்ஸ்போர்ட்காரன் பேர். ஐரோப்பால சின்ன சின்ன பையர் ஆபீஸ்ல இத நான் நிறைய பார்த்திருக்கேன். உங்க கேஸும் இதுவா இருக்கும்னு எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு, ஆனா ஹெடர பார்க்காம அடிச்சு சொல்ல மாட்டேன்.

இந்த டிமார்க் என்ன பண்ணும்னு நான் பட்டுதான் தெரிஞ்சுக்கிட்டேன். 2014 ஏப்ரல்ல யாஹூ தன் டொமைனுக்கு டிமார்க் ரிஜெக்ட் போட்டுச்சு, அதே மாசம் ஏஓஎல்லும் போட்டுச்சு. அப்ப நான் இங்க ஒரு காலேஜோட பழைய மாணவர்களுக்கு ஒரு மெயிலிங் லிஸ்ட் நடத்திக்கினு இருந்தேன், சப்ஜெக்ட் முன்னாடி காலேஜ் பேர், அடில ஃபுட்டர், எல்லாம் அழகா வெச்சிருந்தேன். யாஹூ அட்ரஸ்ல இருந்து ஒருத்தர் கல்யாண பத்திரிகை அனுப்பறார். லிஸ்ட் சர்வர் வண்டிய மாத்துது, நான் வெச்ச ஃபுட்டர் சீல உடைக்குது, ஜிமெயில் வெச்சிருக்கறவங்க அத்தனை பேர்கிட்ட இருந்தும் பவுன்ஸ், பட்டுவாடா ஆகலன்னு திரும்பி வர்ற மெயில். அதோட நிக்கல, பவுன்ஸ் அதிகமா வர்ற மெம்பர லிஸ்ட் சாஃப்ட்வேர் தானாவே நிறுத்தி வெச்சுடும், அதனால தப்பே பண்ணாத ஜிமெயில்காரங்க லிஸ்ட்ல இருந்து வெளிய போயிட்டாங்க. பத்திரிகை அனுப்பினவர் மட்டும் லிஸ்ட்ல இருக்கார், படிக்க வேண்டியவங்க இல்ல. "கல்யாணத்துக்கு கூப்பிடல"ன்னு எத்தனை பேருக்கு அவர் சமாதானம் சொன்னாரோ. அதுக்கப்பறம்தான் ஃப்ரம்லயே லிஸ்ட் அட்ரஸ போட்டு மாத்தி எழுதற வழக்கம் பரவிச்சு, கூகுள் குரூப்ஸ்ல "வழியாக"ன்னு பேருக்கு பக்கத்துல பார்த்திருப்பீங்களே, அது அதுதான்.

சரி, ஃபார்வர்ட் பண்ற பக்கம் என்ன பண்ண முடியும்? எஸ்ஆர்எஸ்னு ஒண்ணு இருக்கு, கவர் அட்ரஸ மாத்தி எழுதற முறை. பையரோட அட்ரஸ உள்ள மடிச்சு வெச்சு, முன்னாடி ஒரு ரகசிய ஹாஷும் தேதியும் போட்டு, கடைசில உங்க டொமைன் வர்ற மாதிரி ஒரு நீளமான அட்ரஸா எழுதிடும். இப்ப ஜிமெயில் எஸ்பிஎஃப் செக் பண்ணும்போது உங்க டொமைனோட எஸ்பிஎஃப்தான் பார்க்கும், பாஸ் ஆகும். மெயில் பட்டுவாடா ஆகலன்னா முதல்ல உங்க சர்வருக்கு திரும்பும், அது மடிச்சத பிரிச்சு பையருக்கு அனுப்பும். ஹாஷ் எதுக்குன்னா, கண்டவன் அந்த மாதிரி அட்ரஸ் செஞ்சு உங்க சர்வர ஓசில குப்பை அனுப்ப உபயோகிக்காம இருக்க. சிபேனல்ங்கற கன்ட்ரோல் பேனல் இருக்கற ஹோஸ்டிங்ல இத ஆன் பண்ண ஆப்ஷன் இருக்கு, ஆனா அது சர்வர் அட்மின் கைல, உங்க லாகின்ல தெரியாது, ஹோஸ்டிங்காரர்தான் பண்ணணும். போஸ்ட்ஃபிக்ஸ்ங்கற மெயில் சர்வர் சாஃப்ட்வேர் வெச்சிருந்தா போஸ்ட்எஸ்ஆர்எஸ்டின்னு ஒண்ணு தனியா போடணும். ஜிமெயில்ல இருந்து வெளிய ஃபார்வர்ட் போட்டாலும் கூகுள் கவர் அட்ரஸ தன் பேர்ல மாத்தித்தான் அனுப்பும், மைக்ரோசாஃப்ட் 365ம் எஸ்ஆர்எஸ் பண்ணும்.

ஆனா எஸ்ஆர்எஸ் போட்டா எல்லாம் தீர்ந்துடும்னு நினைச்சா ஏமாந்துடுவீங்க. எஸ்பிஎஃப் பாஸ் ஆகும், யார் பேர்ல? உங்க பேர்ல. ஃப்ரம்ல இருக்கறது பையர் பேர். டிமார்க்குக்கு ரெண்டும் பொருந்தணுமே, பொருந்தாது. வண்டி மாத்தினவன் தன் வண்டிக்கு தன் பேர்ல சுத்தமா பேப்பர் வெச்சிருக்கான், ஆனா சரக்குக்காரர் "என் வண்டியா இருக்கணும்"னுதானே லெட்டர் குடுத்திருக்கார். அதனால எஸ்ஆர்எஸ் காப்பாத்தறது மேல சொன்ன ரெண்டாவது ஆளோட மெயில மட்டும்தான். ரிஜெக்ட் போட்டுட்டு டீக்கிம் பொருந்தாம வெச்சிருக்கற மூணாவது ஆள எஸ்ஆர்எஸ்ஸால ஒண்ணும் பண்ண முடியாது.

அதுக்குன்னு வந்ததுதான் ஆர்க், 2019ல ஆர்எஃப்சி ஆச்சு, அதுவும் பரிசோதனைங்கற முத்திரையோட. நடுவுல இருக்கற சர்வர் "என்கிட்ட வந்தப்ப வண்டி நம்பரும் சரி, சீலும் சரி, நான் பார்த்தேன்"னு ஒரு சீட்டு எழுதி அதுல தன் கையெழுத்த போட்டு ஒட்டும். அடுத்த சர்வர் அந்த சீட்ட நம்பினா உள்ள விடலாம். நம்பினாங்கற வார்த்தைலதான் எல்லாம் இருக்கு. பெரிய கம்பெனிக சீட்டு எழுதினா ஜிமெயில் காதுல வாங்கும், நம்ம ஊர் நாப்பது டொமைன் ஹோஸ்டிங் சர்வர் எழுதினா வாங்குமான்னா, அது ஜிமெயில் உள்ளுக்குள்ள எடுக்கற முடிவு, வெளில யாருக்கும் சொல்றதில்ல. என் அனுபவத்துல சின்ன சர்வர் போட்ட ஆர்க்கால ரிஜெக்ட் நின்னத நான் அடிச்சு சொல்ற அளவுக்கு பார்த்ததில்ல. ஆனா அடிக்கடி ஃபார்வர்ட் பண்றவங்க ஆர்க் போடுங்கன்னு கூகுளே தன் விதிமுறைல சொல்லியிருக்கு, போட்டு வெச்சா நஷ்டம் இல்ல.

"பல வருஷமா ஓடிச்சே, இப்ப என்ன வந்துச்சு"ங்கறதுக்கு வர்றேன். 2024 பிப்ரவரில கூகுளும் யாஹூவும் சேர்ந்து விதிய இறுக்கினாங்க. ஜிமெயிலுக்கு ஒரு நாளைக்கு 5000 மெயிலுக்கு மேல அனுப்பறவங்க எஸ்பிஎஃப், டீக்கிம், டிமார்க் மூணும் வெச்சாகணும், மத்தவங்க எல்லாருக்கும் எஸ்பிஎஃப் இல்லன்னா டீக்கிம் ஒண்ணாவது பாஸ் ஆகணும். மொத ரூல மட்டும் படிச்சுட்டு "நாம எங்க 5000 அனுப்பறோம்"னு எல்லாரும் விட்டுட்டாங்க, நம்மள கடிச்சது ரெண்டாவது. டீக்கிம் இல்லாத பையர் மெயில, எஸ்ஆர்எஸ் இல்லாத உங்க சர்வர் ஃபார்வர்ட் பண்ணா, எஸ்பிஎஃபும் ஃபெயில், டீக்கிமும் இல்ல. ஜிமெயில் 550 5.7.26ன்னு ஒரு நம்பர் போட்டு வாசல்லயே திருப்பிடும். முன்னாடி இதே மெயில் முணுமுணுத்துக்கினே இன்பாக்ஸ்க்கோ ஸ்பாம்க்கோ போயிடும். 2025 மே மாசத்துல இருந்து அவுட்லுக் டாட் காமும் பெரிய அளவுல அனுப்பறவங்களுக்கு இதே மாதிரி கொண்டு வந்துடுச்சு, அதனால இனிமே பழைய காலம் திரும்பாது. அதுக்கு மேல, டிமார்க்ல சும்மா விடுன்னு வெச்சிருந்த பையர்களும் ஒவ்வொருத்தரா ரிஜெக்டுக்கு மாறிக்கினு இருக்காங்க. நீங்க எதையும் மாத்தல, உங்களுக்கு ரெண்டு பக்கமும் மாறிடுச்சு.

இன்னொண்ணு, எஸ்பிஎஃப் டீக்கிம் எதுக்கும் சம்பந்தமில்லாம ஃபார்வர்டிங்கே விஷமாகற வழி ஒண்ணு இருக்கு. டொமைனுக்கு வர்ற எந்த அட்ரஸா இருந்தாலும் பிடிச்சு ஒரே இடத்துக்கு அனுப்பற கேட்ச்-ஆல் போட்டிருந்தீங்கன்னா உடனே எடுங்க. குப்பை மெயிலும் சேர்ந்துதான் ஃபார்வர்ட் ஆகும், ஜிமெயில் பார்வைல அந்த குப்பைய கொண்டு வந்து கொட்டினது உங்க சர்வர். என் சர்வர் ஒண்ணுல ஒரு கிளையன்ட் இப்படி வெச்சிருந்தத நான் கவனிக்காம விட்டேன், ஒரு திங்கக்கிழமை காலைல பார்த்தா 421ன்னு ஆரம்பிக்கற தற்காலிக மறுப்பு கியூ முழுக்க நிக்குது, அந்த ஒருத்தரால அதே ஐபில இருந்த மத்த எல்லாரோட மெயிலும் மூணு நாள் தவழ்ந்து தவழ்ந்து போச்சு. போன்ல வாங்கின பேச்சு தனி. ஃபார்வர்ட் பண்ணித்தான் ஆகணும்னா குப்பைய நடுவுலயே வடிகட்டி எறிஞ்சுடுங்க, முத்திரை குத்தி அனுப்பாதீங்க.

இனி நீங்க செய்ய வேண்டியது. என்னை கேட்டா ஃபார்வர்ட எடுத்துடுங்க, இதுல எனக்கு ரெண்டாவது யோசனையே இல்ல. மெயில் உங்க டொமைன் மெயில்பாக்ஸ்லயே இருக்கட்டும், ஓனரோட போன்ல ஜிமெயில் ஆப்லயே ரெண்டாவது அக்கவுன்ட்டா ஐமேப்ல (மெயில் சர்வர்லயே இருக்க, ஆப்ல இருந்து படிக்கற முறை) அத சேர்த்துடுங்க. அவர் பார்க்கறது அதே ஆப், அதே சத்தம், ஆனா வழில வண்டி மாத்தறது இல்லவே இல்ல. கம்ப்யூட்டர்ல பார்க்கறதுன்னா தண்டர்பேர்டோ அவுட்லுக்கோ போட்டுக்கலாம். ஜிமெயில் வெப்சைட்டுக்குள்ள இருந்தே வேற மெயில்பாக்ஸ பாப் வழியா இழுத்துக்கற வசதி இருந்துச்சு, பல பேருக்கு நானே அத போட்டு குடுத்திருக்கேன், 2026 ஜனவரில இருந்து அத நிறுத்தறதா கூகுள் அறிவிச்சிடுச்சு, அதனால புதுசா அத நம்பி இறங்காதீங்க. பட்ஜெட் இருந்தா டொமைனோட எம்எக்ஸ (மெயில் எந்த சர்வருக்கு போகணும்னு சொல்ற ரெக்கார்ட்) நேரா வொர்க்ஸ்பேஸ் மாதிரி ஒண்ணுக்கு திருப்பிடறது இன்னும் சுத்தம், ஓனருக்கும் உங்களுக்குமா ரெண்டு மூணு அக்கவுன்ட் காசுதான் ஆகும், ஒரு சாம்பிள் கூரியர்ல அனுப்பற செலவ விட அது பெருசு இல்ல.

ஓனர் "எனக்கு பழைய ஜிமெயில்லயேதான் வரணும்"னு பிடிவாதம் பிடிச்சார்னா, பிடிப்பார், தெரியும், அப்ப ஹோஸ்டிங்காரர்கிட்ட "எஸ்ஆர்எஸ் ஆன் பண்ணுங்க, சப்ஜெக்ட்ல ஸ்பாம்னு எழுதறத எடுங்க, ஸ்கேனர் ஃபுட்டர எடுங்க"ன்னு மூணே மூணு கேளுங்க. அதோட ஃபார்வர்ட் ஆகற மெயிலுக்கு ஒரு காப்பி உங்க மெயில்பாக்ஸ்லயும் நிக்கற மாதிரி வெச்சுக்குங்க, நின்னுபோன பர்ச்சேஸ் ஆர்டர தேட ஒரு இடமாவது இருக்கும். உங்க எஸ்பிஎஃப்ல சேர்த்த கூகுள வொர்க்ஸ்பேஸ் இல்லன்னா எடுத்துடுங்க, எடுக்கும்போது பழைய ரெக்கார்டும் புது ரெக்கார்டும் ரெண்டா நிக்குதான்னும் பாருங்க, ஒரு டொமைனுக்கு எஸ்பிஎஃப் ரெண்டு இருந்தா அதுவே எரர், ஒண்ணும் செல்லாது. பத்துக்கு மேல டிஎன்எஸ் லுக்கப் போனாலும் அதே கதிதான், மத்த சர்வீஸோட லிஸ்ட்ட உள்ள சேர்க்கற இன்க்ளூட்ட மேல மேல அடுக்கினவங்க பல பேர் இதுல விழுந்திருக்காங்க.

நீங்க அனுப்பற பக்கத்தையும் ஒரு நிமிஷம் பாருங்க, உங்க இன்வாய்ஸும் அங்க யாரோ ஒரு அக்கவுன்டன்ட்டுக்கு ஃபார்வர்ட் ஆகத்தான் போகுது. உங்க டொமைன் பேர்லயே டீக்கிம் ஆன் பண்ணுங்க, கீ 2048 பிட் இருக்கட்டும். எஸ்பிஎஃப் கடைசில மைனஸ் ஆல் போட்டா "கண்டிப்பா மறு"ன்னு அர்த்தம், சில சர்வர் சீல பார்க்கறதுக்கு முன்னாடியே வண்டி நம்பர பார்த்து கதவ சாத்திடும், அதனால நான் டில்டே ஆல்தான் ("சந்தேகப்படு, ஆனா உடனே மறுக்காதே"ன்னு அர்த்தம்) போடுவேன், கண்டிப்பெல்லாம் டிமார்க்ல காட்டிக்கலாம். டிமார்க்க எடுத்த உடனே ரிஜெக்ட்ல வெக்காதீங்க, சும்மா விடுல வெச்சு ரிப்போர்ட் அட்ரஸ் குடுத்து ஒரு மாசம் பாருங்க. அந்த ரிப்போர்ட்ல சம்பந்தமே இல்லாத ஐபில இருந்து உங்க பேர்ல மெயில் போன மாதிரி இருக்கும், எஸ்பிஎஃப் ஃபெயில், டீக்கிம் பாஸ்னு. அத பார்த்து "ஹேக் பண்ணிட்டாங்க"ன்னு ராத்திரி பதினோரு மணிக்கு எனக்கு போன் பண்ணவங்க உண்டு. அது உங்க பையர் எங்கயோ ஃபார்வர்ட் போட்டிருக்கார்ங்கறதுக்கு அடையாளம், வேற ஒண்ணுமில்ல.

கடைசியா ஒரு சின்ன வேலை பண்ணுங்க. ஸ்பாம்ல போய் விழுந்த ஒரு பையர் மெயில ஜிமெயில்ல கம்ப்யூட்டர்ல திறந்து, ஓரத்துல மூணு புள்ளிய அழுத்தி "ஒரிஜினலைக் காட்டு"க்கு போங்க. மேலயே கட்டம் போட்டு எஸ்பிஎஃப், டீக்கிம், டிமார்க் மூணுக்கும் பாஸா ஃபெயிலான்னு இருக்கும், டீக்கிம் வரில எந்த டொமைன் பேர்னும் இருக்கும். அந்த பேரும் ஃப்ரம்ல இருக்கற டொமைனும் ஒண்ணா இருந்தும் ஃபெயில்னா உங்க ஹோஸ்டிங் சீல உடைக்குது. பாஸ்தான், ஆனா பேர் வேறன்னா பையர் பக்கம் ஆன் பண்ண வேண்டியது பாக்கி. டீக்கிம் வரியே இல்லன்னாலும் அவர் பக்கம்தான். வரவே வராத மெயிலுக்கு பையர்கிட்ட அவருக்கு வந்த பவுன்ஸ் மெயில கேளுங்க, ஸ்கிரீன்ஷாட் வேணாம், முழு டெக்ஸ்ட்டா. பாஸ்வேர்டு எதுவும் அதுல இருக்காது, அட்ரஸ மட்டும் அடிச்சுட்டு இங்க போடுங்க, ஞாயித்துக்கிழமைக்குள்ள பார்த்து எழுதறேன், அன்னிக்கு சத்துவாச்சாரில கரண்ட் இருந்தா.